குணத்துக்கும் ஒரு பேரேடு

என் இடது காலில் சின்னவிரல் இல்லை. 2022 யூலையில் வயல் வரம்பில் நடந்தபோது ஏதோ முள் ஏறியது. பெரிய காயம் என்று சொல்ல முடியாது. எனக்குச் சீனி வருத்தம் 2014 இலிருந்து இருக்கிறது. காலைக் கவனியுங்கள் என்று கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள், நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு வருவேன். அந்த மாதம் பெற்றோல் இல்லை, ஓட்டோ ஓடவில்லை என்று வீட்டில் காரணம் சொன்னேன். சைக்கிள் மாமரத்தடியில் சாத்தியபடிதான் நின்றது. "பாப்பம்" என்றேன். பன்னிரண்டு நாள் பாப்பம். பதின்மூன்றாம் நாள் காய்ச்சலோடு கொண்டுபோய்ப் போட்டார்கள், விரலை எடுத்தார்கள்.

விரல் போனதைவிட வேறொன்று எனக்கு அதிகம் உறைத்தது. நான் 31 வருடம் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவன். அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் என் இருப்புப் பதிவேட்டில் கடைசிக் கிலோவரை நேராக இருக்கும். ஒரு மூடை சீனி குறைந்தால் அன்றிரவு எனக்கு நித்திரை வராது. அப்படிப்பட்டவன் தன் இரத்தத்தில் ஓடுகிற சீனியை எட்டு வருடம் கணக்குப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். கிளினிக் கொப்பியையே இரண்டு தரம் தொலைத்தவன் நான்.

சின்ன மகள் முல்லைத்தீவுப் பக்கம் உளசமூகப் பணியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்து அவள் அழவில்லை. "அப்பா, இது மறதி இல்லை. உங்கட சுபாவம். ஆனா சுபாவத்தையும் கொஞ்சம் அசைக்கலாம்" என்றாள். பக்கத்தில் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்த மனைவி சிரித்தே விட்டாள். "நாய் வாலை நிமித்தப் போறியளோ?"

இரண்டு பேருமே பாதிப் பாதி சரி என்பதுதான் இந்த மூன்று வருடத்தில் எனக்குத் தெரிந்தது.

மகள் சொன்ன சங்கதிகளில் எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். 1921 இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டேர்மன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடரத் தொடங்கினார். அவர் இறந்த பிறகும் மற்றவர்கள் அந்தக் கோப்புகளை விடவில்லை. அதை வைத்து ஹவார்ட் ஃபிறீட்மன் குழுவினர் 1993 இல் வெளியிட்டது இதுதான்: சின்ன வயதில் பொறுப்பும் ஒழுங்கும் உள்ளவர்கள் என்று பெயரெடுத்த பிள்ளைகள், மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். கலகலப்பான பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. உளவியலில் குணத்தை ஐந்து பெரிய கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: பொறுப்புணர்வு, மனப்பதற்றம், இணக்கம், கலகலப்பு, புதியதை ஏற்கும் மனம். இந்த ஐந்தில் உடல்நலத்தோடும் ஆயுளோடும் திரும்பத் திரும்ப ஒட்டி வருவது பொறுப்புணர்வுதான்.

சரி, பிறவியிலேயே இல்லாதவன் என்ன செய்வது? 2017 இல் பிறென்ற் றொபேர்ட்ஸ் என்பவரும் குழுவினரும் 207 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மருத்துவமோ ஆலோசனையோ பெற்றவர்களுடைய குணக்கூறுகள் உண்மையிலேயே மாறியிருந்தன. அந்த முயற்சிகள் சராசரியாக 24 வாரம் நடந்தவை. கூடுதலாக மாறியது மனப்பதற்றம், அடுத்தது கலகலப்பு. மற்றவை அவ்வளவுக்கு அசையவில்லை.

கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். "இந்தக் குணம் உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள்" என்பது ஒரு பேரேடு. "குணத்தைக் கொஞ்சம் மாற்றலாம்" என்பது இன்னொரு பேரேடு. தனித்தனியே இரண்டும் நேராக இருக்கின்றன. "ஆகவே குணத்தை மாற்றினால் ஆயுள் கூடும்" என்று இரண்டையும் பொருத்திக் கையெழுத்து வைக்கிற அளவுக்கு ஆதாரம் வரவில்லை. நானும் ஆயுளுக்காகத் தொடங்கவில்லை. மிச்சம் ஒன்பது விரல் இருக்கிறது, அதற்காகத்தான்.

மகள் முதலில் செய்த வேலை, "பொறுப்பாக இருக்கவேண்டும்" என்ற சொல்லை என் வாயிலிருந்து பிடுங்கியது. "அப்பிடி ஒண்டும் செய்யேலாது. என்னத்தை, எப்ப, எங்க எண்டு சொல்லுங்கோ" என்றாள். நேதன் ஹட்சன் என்ற ஆய்வாளர் குழு மாணவர்களை 15 வாரம் பின்தொடர்ந்து பார்த்ததாம். குணத்தை மாற்ற விரும்பியவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்திருக்கிறார்கள். வேலையைச் செய்து முடித்தவர்கள் மாறினார்கள். "செய்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்கள் மாறவில்லை, சிலர் பின்னுக்கும் போனார்கள். என் "பாப்பம்" எங்கே நிற்கிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அப்போதுதான் மூளையில் ஒன்று பட்டது. ஒழுங்கு என்னிடம் இல்லாமலில்லை. களஞ்சியத்தில் இருந்தது, வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். கடையில் ஒரு சீஆர் கொப்பி வாங்கி, பழைய இருப்புப் பதிவேட்டைப் போலவே கோடு போட்டேன். முன்கொண்டுவந்தது, வரவு, செலவு, மீதி. குளிசை அட்டை வரவு, தின்றது செலவு. மாத முடிவில் மீதியை எண்ணிச் சரிபார்ப்பேன், குறைந்தாலோ கூடினாலோ பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். இரவில் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஒரு நிரல். அடிப்பாதம் தெரியாததால் முகச்சவரக் கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்ப்பேன். மனைவிதான் கணக்குப் பரிசோதகர். சனிக்கிழமைகளில் கொப்பியை வாங்கி, கண்ணாடி போட்டு, சிவப்புப் பேனையால் கோடு இழுப்பாள். சங்கத்துக்கு வந்த எந்தப் பரிசோதகரும் இவ்வளவு கறார் இல்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு என் கொப்பி பொருந்தாமல் போகலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் இடத்தில் ஒழுங்கு இருக்கும். கோழிக்குத் தீன் வைக்கிற நேரம் தவறாத ஆச்சி, தன் பிறஷர் குளிசையை மறப்பாள். குளிசை டப்பாவைக் கோழித்தீன் பேணிக்குப் பக்கத்தில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. (பிள்ளைகளும் கோழியும் எட்டாத உயரத்தில்.) இல்லாத குணத்தை எங்கிருந்தோ வரவழைக்கிறதைவிட, இருக்கிற இடத்திலிருந்து இழுத்து வருவது லேசு.

இன்னொன்றையும் எழுதவேண்டும். வன்னிக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது.

நான் எப்போதும் "பாப்பம்" ஆளாக இருக்கவில்லை. 96 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதுகூட, அக்கராயன் பக்கம் கொட்டில் போட்ட மூன்றாம் நாளே வாசலில் முருங்கைத் தடி நட்டவன் நான். 2009 தையில், கடைசிப் போரில், வட்டக்கச்சியை விட்டுக் கிளம்பியபோது சங்கத்தின் பதிவேட்டை ஒரு மாச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அதுவும் என்னோடு வந்தது. மாத்தளனில் அதை விட்டேன். பாரம் என்று விடவில்லை. இனி யாருக்குக் கணக்குக் காட்டப் போகிறேன் என்று தோன்றியது, அதனால் விட்டேன். பிறகு செட்டிக்குளம் முகாம், 2010 இல் திரும்பி வந்தது, தகரக் கொட்டில், வீட்டுத்திட்டம். வேலையும் கிடைத்தது, புதுப் பதிவேடும் எழுதினேன். ஆனால் நாளை என்று ஒன்று இருக்கும் என்று நம்பிச் செய்கிற வேலைகளை, என் சொந்த வாழ்க்கையில், நான் விட்டுவிட்டேன். பல்லைக் காட்டப் போகவில்லை. கண் பார்க்கப் போகவில்லை. மரமும் நடவில்லை.

பொறுப்புணர்வு என்று புத்தகம் சொல்வதற்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: பத்து வருடம் கழித்தும் நான் இருப்பேன். நாலு தரம் வீட்டை விட்டவர்களுக்கு அந்த நம்பிக்கை இலவசமாகக் கிடைக்காது. ஆகவே எங்கள் பக்கத்து முதியவர்களைப் பார்த்து "இவர்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்கிற இளம் உத்தியோகத்தர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கிளினிக்குக்குப் போக ஒரு நாள் கூலியை விடுகிறவனுடைய குணத்தைத் திருத்துவதற்கு முன்னால், பஸ்ஸையும் மருந்தையும் திருத்தலாம். அதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அதனால் நான் கொப்பியோடு சேர்த்துச் செய்த இரண்டாவது காரியம், ஒரு மாங்கன்று வைத்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில்தான் காலைக் குளிசை. சிரிக்கலாம். ஆனால் "காடு வா வா எண்டுது, வீடு போ போ எண்டுது" என்று அறுபதிலேயே ஆரம்பிக்கிற எங்கள் பேச்சு வெறும் பேச்சில்லை. பெக்கா லெவி என்பவர் 2002 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரத்து மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய 660 பேர். தம் முதுமையை நல்லவிதமாக நினைத்தவர்கள், மோசமாக நினைத்தவர்களைவிடச் சராசரியாக 7.5 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்களாம். நான் இப்போது அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை. யாராவது சொன்னால், "வீடு இன்னும் கட்டி முடியேல்லை, அது போ எண்டு எப்பிடிச் சொல்லும்" என்பேன்.

அடுத்தது கோபம். இது நீளமான கதை, ஏனென்றால் இதில்தான் நான் முழு மடையனாக இருந்திருக்கிறேன்.

என் முன்கோபம் ஊர் அறிந்தது. தகப்பனாருக்கும் இருந்தது, அவருடைய தகப்பனாருக்கும் இருந்ததாம். பரம்பரைச் சொத்து. மகள் அதற்கும் ஒரு நிரல் போடச் சொன்னாள்: கோபம் வந்த நேரம், யாரில், கடைசியாக எப்போது சாப்பிட்டது. இரண்டு கிழமையில் 23 தரம் கத்தியிருக்கிறேன். அதில் 15, காலை 11 மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் இடையில். ஏழு மணிக்கு இரண்டு ரொட்டி, பிறகு வயல், மத்தியானச் சாப்பாடு ஒன்றரைக்கு. கொப்பியைக் கிளினிக் டொக்டரிடம் காட்டினேன். அவர் கோப நிரலைப் பார்த்துவிட்டுக் கை நடுங்குமா, வியர்க்குமா என்று கேட்டார். இரண்டும் உண்டு. நான் தின்னும் குளிசைகளில் ஒன்று, சாப்பாடு பிந்தினால் சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கிவிடுமாம். அப்படி இறங்குகிறபோது சிடுசிடுப்பும் வருமாம். அளவை மாற்றி, இடையில் ஏதாவது சாப்பிடச் சொன்னார். பத்தரைக்கு அரைக் கோப்பை அவித்த கௌபியும் மோரும். நடுக்கம் வந்தால் உடனே வாயில் போடச் சட்டைப்பையில் இரண்டு இனிப்பு.

பரம்பரைச் சொத்தில் பாதி அப்படியே கரைந்துபோனது. 40 வருடம் என்னோடு வாழ்ந்தவள் அதை மன்னிக்க இன்னும் யோசிக்கிறாள்.

ஆகவே குணத்தை மாற்றப் புறப்படுகிறவர்கள் முதலில் உடம்பைப் பாருங்கள். பசி, நோவு, நித்திரையின்மை, காது கேளாமை, இவையெல்லாம் குணம் போல வேஷம் போடும். எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா, எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிற கறார் மனிசன், எழுபதை நெருங்குகிறபோது திடீரென்று தாராளமானார். தெரியாதவர்களுக்கும் காசு கொடுத்தார், பகிடி விட்டார், செத்தவீட்டில்கூடச் சிரித்தார். ஊரே "ஐயா திருந்திட்டார்" என்று சந்தோஷப்பட்டது. கடைசியில் அது மூளையின் முன்பக்கத்தில் தொடங்கிய நோய். வயதான ஒருவருடைய குணம் முயற்சியில்லாமல், சில மாதத்துக்குள் தலைகீழாக மாறினால் நல்லதாக மாறினாலும் டொக்டரிடம் காட்டவேண்டும்.

மிச்சப் பாதிக் கோபம் சாப்பாட்டால் போகவில்லை. அது மச்சான்மேல் இருந்தது. மனைவியின் தம்பி, பக்கத்துக் காணி. 2016 இல் வேலி அரை முழம் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று தொடங்கி, ஆறு வருடம் பேச்சில்லை. அவருடைய மாடு என் காணிக்குள் வரும், நான் மாட்டைப் பார்த்து அவருக்குக் கேட்கும்படி பேசுவேன். அதற்கு மகள் என்னிடம் ஒரு வாக்கியம் எழுதி வாங்கினாள்: "மாடு உள்ளே வந்தால் முதலில் கிணற்றடியில் முகம் கழுவுவேன், பிறகு மாட்டைக் கலைப்பேன், மச்சானைப் பற்றிய எந்தக் கதையும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு." நாலு மணிக்குப் பெரும்பாலும் கதை மிஞ்சாது.

இணக்கம் வளர்ந்ததா என்றால், நான் இன்னும் அந்த அரை முழத்தை மறக்கவில்லை. ஆனால் 2023 இல் வேலி அடைக்கக் கதியால் போதவில்லை. மகள், "உதவி செய்யப் போகாதேங்கோ, உதவி கேளுங்கோ" என்றாள். கால் இழுக்க இழுக்கப் போய்ப் படலையில் நின்று, "மச்சான், கொஞ்சம் பூவரசங் கதியால் வேணும்" என்றேன். அவர் என் காலைத்தான் பார்த்தார். "நீர் ஏன் நடந்து வந்தனீர், சொல்லி விட்டிருக்கலாமே" என்றார். மறுநாள் அவரே வெட்டிக் கொண்டுவந்து நட்டார். எங்கே நட்டார் என்று நான் முழம் போட்டுப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தேன், பழைய இடத்தில்தான்.

எல்லாம் வெற்றி என்று நினைக்கவேண்டாம். கலகலப்பாக இருக்கவேண்டும் என்று முதியோர் சங்கத்தில் சேர்ந்தேன். மூன்று கூட்டம் போனேன், மூன்றிலும் வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை, நடுவில் ஒரு பிளேன்ரீ. விட்டுவிட்டேன். இப்போது வாசிகசாலையில் காலையில் இரண்டு பேரோடு பேப்பர் பார்க்கிறேன். ஒருவர் பேசவே மாட்டார். எனக்கு அது போதும். எல்லோரும் மேளம் ஆகத் தேவையில்லை.

மனைவியின் பதற்றத்தைக் குறைக்கலாம் என்று மகள் நினைத்ததும் நடக்கவில்லை. அவள் 2009 இலிருந்து இன்றுவரை கதவுக்குப் பின்னால் ஒரு பை கட்டி வைத்திருக்கிறாள். அடையாள அட்டைகள், காணி உறுதி, நகைத் துண்டு, எல்லாம் பொலித்தீனில். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது ஒழுங்கையில் பத்திரம் நனையாத வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். அதே பதற்றத்தால்தான் அவள் ஒரு கிளினிக்கும் தவறவிடுவதில்லை, அவளுடைய பிறஷர் கட்டுக்குள் இருக்கிறது. பதற்றமும் பொறுப்பும் சேர்ந்த ஆட்கள் உடம்பை நன்றாகக் கவனிப்பார்களா என்று ஆய்வாளர்களும் தேடிப் பார்த்திருக்கிறார்கள், முடிவுகள் அங்கும் இங்குமாக இருக்கின்றன. எங்கள் வீட்டில் முடிவு தெளிவு. இரவு நித்திரை கெடாத அளவுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் பழகினாள். பை அங்கேயே இருக்கிறது. இப்போது அதில் என் கிளினிக் கொப்பியின் போட்டோப் பிரதியும் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் என் கொப்பி குழம்பும். முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சுகிற கிழமையில் நான் யாரோடும் பேசமாட்டேன், நடக்கப் போகமாட்டேன், பத்தரைச் சாப்பாடு மறந்துபோகும். முதல் வருடம் அதைப் பார்த்து, மூன்று மாத வேலை வீண் என்று கொப்பியை மூடிவிட்டேன். திறக்க ஓகஸ்ட் ஆனது. இரண்டாம் வருடம் மகள் மே மாதப் பக்கத்தை முதலிலேயே பிரித்து, குளிசைக்கும் பாதத்துக்கும் மட்டும் நிரல் விட்டு, மற்றதையெல்லாம் பேனையால் அடித்துவிட்டாள். "இந்த மாசம் இவ்வளவும் போதும், அப்பா." வருகிற இடறலை முன்கூட்டியே பதிவேட்டில் ஏற்றிவிட்டால், யூனில் திரும்ப எழுத கை கூசாது. வாசிக்கிறவர்களில் யாருக்காவது அப்படி ஒரு மாதம் இருந்தால், அதற்கு முதலே பக்கத்தை அடித்து வையுங்கள்.

மூன்று வருடத்தில் கொப்பி ஐந்து முடிந்தது. மூன்று மாத சராசரிச் சீனி (HbA1c என்கிற இரத்தப் பரிசோதனை) 9.8 வீதத்திலிருந்து 7.4 வீதத்துக்கு வந்திருக்கிறது. விரல்கள் ஒன்பதும் இருக்கின்றன. மாங்கன்று என் தோளுக்கு வந்துவிட்டது, இன்னும் காய்க்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் மணி 11 ஆகப் போகிறது. மச்சானின் சிவலை மாடு கதியாலை விலக்கி, கன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மோர் மேசையில் இருக்கிறது. குடித்துவிட்டுத்தான் எழும்பப் போகிறேன்.